குலுக்கலில் விழுந்த உப்பு

மணியா கேட்டீர்கள், தம்பி? இந்த வாட்ச்சில் மணி மட்டும் சரியாகத் தெரியாது. நெஞ்சு எத்தனை தடவை அடிக்கிறது, எவ்வளவு நடந்தேன், நேற்று எப்படித் தூங்கினேன், எல்லாம் காட்டும். மணி மட்டும் தன் இஷ்டத்துக்கு ஒன்றைக் காட்டும். சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டால் மறுபடியும் போனோடு சேர்த்து வைக்க வேண்டுமாம். சேர்த்து வைக்கத் தெரிந்த பிள்ளை இப்போது என்னோடு பேசுவதில்லை. வெயிலைப் பார்த்தால் மூன்று இருக்கும்.

அந்தப் பிள்ளைக்குத்தான் இன்றைக்குக் கல்யாணம், கோவில்பட்டியில். என் கூடப் பிறந்த தங்கச்சி மகள். நான் தாய்மாமன். தாய்மாமன் கல்யாண வீட்டிலிருந்து மத்தியானப் பஸ்ஸில் தனியாகத் திரும்புவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரி அங்கேயே இருக்கிறாள். பெண்ணை வழியனுப்பிவிட்டுத்தான் வருவாளாம். அவளுக்கு அங்கே மரியாதை இருக்கிறது. அவள் யார்? என் பெண்டாட்டி. என்னால் வந்த உறவு. எனக்கு இல்லாத மரியாதை அவளுக்கு.

என் பெயர் அய்யாத்துரை. தூத்துக்குடி. உப்புக் கிட்டங்கியில், அதுதான் குடோனில், மூட்டை தூக்கினவன். இந்தத் தோளைத் தொட்டுப் பாருங்கள், காய்ப்பு இன்னும் போகவில்லை. படிப்பு பெரிதாக இல்லை. தமிழ் என்றால் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் கிடையாது. அதை நான் மறைத்ததும் இல்லை. மறைத்தாலும் என் மாப்பிள்ளை விட மாட்டார், சபையில் சொல்லிக் காட்டிவிடுவார்.

மாப்பிள்ளை என்றால் தங்கச்சி புருஷன். ஆறுமுகப்பெருமாள். கோவில்பட்டியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாத்தியார் பாருங்கள், எதிரே நிற்கிறவன் எல்லாம் அவருக்கு மாணவன்தான்.

கோமுவுக்குக் காது குத்தினார்கள். இன்றைக்குக் கல்யாணமாகிற அந்தப் பிள்ளைதான், அப்போது சின்னக் குழந்தை. கோமதி என்று பெயர், கோமு என்போம். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்? சீர் கொண்டு போனேன். சேலை, பழம், வெற்றிலை எல்லாம் தட்டில். அதோடு ஒரு மிக்ஸி. அப்போதெல்லாம் மிக்ஸி கொண்டு வருகிற தாய்மாமன் எத்தனை பேர்? மேளத்தோடு கொண்டுபோய் நடு வீட்டில் வைத்தேன். மாப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "மச்சான், கம்பெனி பேரில ஒரு எழுத்து கூடுதலா இருக்கே. எங்க பிடிச்சீங்க? பேரை வாசிச்சுப் பாத்து வாங்கக் கூடாதா?" என்றார்.

சிரித்தார்கள். அவர் வீட்டு ஆட்கள் சிரித்தார்கள், சரி. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். என் தங்கச்சி சண்முகக்கனி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. அந்த மிக்ஸி நன்றாகத்தான் ஓடியது. கொஞ்சம் புகை வரும், அவ்வளவுதான்.

அதிலிருந்து நான் எந்தப் பொருளின் பெயரையும் வாசிப்பதில்லை. எதற்கு வாசிக்க வேண்டும்? பொருள் பேசட்டும்.

பிறகு சவூதியில் இருக்கிற என் மகன் ஒரு போன் வாங்கி அனுப்பினான். தம்பி, உங்களுக்கு அது சாதாரணம். பிறந்ததிலிருந்து கையில் வைத்திருப்பீர்கள். எனக்கு அப்படி இல்லை. அது வாசிக்கத் தெரியாதவனுக்கும் வாசித்துக் காட்டுகிறது. மரியாதையாகப் பேசுகிறது. கிட்டங்கியில் "ஏய், அய்யாத்துரை" என்று கூப்பிட்டால் மூட்டை வந்திருக்கிறது என்று அர்த்தம். போனில் ஒரு பையன் கையெடுத்துக் கும்பிட்டு, "அன்பான நேயர்களே, உங்கள் உடல்நலம் எங்கள் கவலை" என்கிறான். என் உடல்நலத்துக்குக் கவலைப்பட்ட முதல் ஆள் அவன்தான்.

"நலமே செல்வம்" என்று பெயர் அந்தச் சேனலுக்கு. தினம் ஒரு செய்தி. வெந்நீர் எப்போது குடிக்க வேண்டும், எந்தப் பக்கம் படுத்தால் நெஞ்சுக்கு நல்லது, வெளிநாட்டு டாக்டர்கள் புதிதாக என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள், அத்தனையும். காலையில் எழுந்து பல் தேய்க்கும் முன்னால் அதைக் கேட்பேன். கேட்டதை நானே வைத்துக்கொள்வதா? சொந்தக்காரர்களுக்கு எல்லாம் அனுப்பிவிடுவேன். சிலர் நன்றி என்று கை கூப்பின படம் அனுப்புவார்கள். சிலர் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள். நல்லது சொல்பவனுக்கு எந்தக் காலத்தில் இடம் கிடைத்தது?

அந்தச் சேனலில் ஒரு போட்டி வைத்தார்கள். செய்தியை நிறையப் பேருக்கு அனுப்ப வேண்டும், கீழே "நலம்" என்று எழுத வேண்டும், குலுக்கலில் பெயர் விழுந்தால் பரிசு. ஏமாற்று வேலை என்று என் வீட்டுக்காரி சொன்னாள். நான் விடவில்லை. கிட்டங்கி ஆட்களுக்கு அனுப்பினேன். கோயில் கமிட்டிக்கு அனுப்பினேன். ரேஷன் கடைக்காரன் நம்பர் இருந்தது, அவனுக்கும் அனுப்பினேன். கேஸ் சிலிண்டர் போடுகிறவன் மட்டும் திருப்பித் திட்டினான்.

விழுந்தது தம்பி. என் பெயர் விழுந்தது. அந்தப் பையன் ஒரு சீட்டை எடுத்துப் பிரித்து, "தூத்துக்குடியைச் சேர்ந்த திரு. அய்யாத்துரை அவர்கள்" என்றான். திரு. அவர்கள். அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று என் வீட்டுக்காரியைத்தான் கேட்க வேண்டும்.

பார்சலும் வந்தது. ஏமாற்று என்று சொன்னவள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உள்ளே இந்த வாட்ச். அதோடு ஒரு பெட்டி நிறைய உப்பு.

சிரிக்காதீர்கள். தூத்துக்குடிக்காரனுக்கு உப்புப் பரிசா என்று நானும்தான் முதலில் சிரித்தேன். ஆனால் இது கடையில் விற்கிற உப்பு இல்லை. சோடியம் குறைந்த உப்பு. அந்தப் பையன் செய்தியில் சொல்லியிருந்தான். ருசி அப்படியே இருக்கும், உள்ளே உப்பின் கெடுதல் குறைவு, பிரஷர்காரர்களுக்கு வரப்பிரசாதம் என்று. கடைசியில் வேகமாக ஏதோ சொன்னான். விளம்பரத்தில் எல்லாம் கடைசியில் குதிரை ஓட்டுகிற மாதிரி ஏதோ சொல்வார்களே, அது மாதிரி. அதை யார் கேட்கிறார்கள்?

எனக்கு உடனே மாப்பிள்ளை ஞாபகம்தான் வந்தது. அதைத்தான் ஒருத்தரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நான் வைத்துக்கொள்ளவில்லை. விற்கவில்லை. மாப்பிள்ளைக்கு அப்போது உடம்பு சரியில்லை. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "உப்பு கூடியிருக்கு" என்று சொல்லியிருக்கிறார். தங்கச்சி சமையலில் உப்பையே நிறுத்திவிட்டாள். நான் ஒரு தடவை போய் அங்கே சாப்பிட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. மாப்பிள்ளை அதைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், உள்ளே போகவில்லை. வாத்தியாராக நிமிர்ந்து நடந்த மனுஷன், தட்டுக்கு முன்னால் சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

அன்றைக்கே எனக்குப் பாடம் எடுத்தார். "மச்சான், ரத்தத்தில சேர்ற கழிவைத்தான் நம்ம ஊர்ல உப்புன்னு சொல்லுதாங்க. கிரியாட்டினின்னு பேரு. கிட்னி சரியா வேலை செய்யலேன்னா அது கூடும். சாப்பிடுற உப்பு வேற, இது வேற."

எனக்குச் சிரிப்பு வந்தது. கல் உப்பு இருக்கிறது, தூள் உப்பு இருக்கிறது. இரண்டும் ஒரே உப்பளப் பாத்தியில் விளைவதுதான். இவர் ரத்தத்துக்குள்ளே தனியாக ஒரு பாத்தி கட்டுகிறார். "மாப்பிள்ளை, எதை வேணும்னாலும் எனக்குச் சொல்லிக் குடுங்க. உப்பைப் பத்திச் சொல்லிக் குடுக்காதீங்க" என்றேன். டாக்டர் உப்பு என்று சொன்னால் உப்புதான். கிரி கிரி என்று எதற்கு இழுக்க வேண்டும்?

அதனால் பார்சல் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டி பஸ் ஏறிவிட்டேன். மேளம் இல்லை, தட்டு இல்லை. ஆனால் அந்த மிக்ஸிக்குப் பிறகு நான் தலை நிமிர்ந்து அந்த வீட்டுக்குள் போனது அன்றைக்குத்தான்.

நானே அடுப்படிக்குப் போனேன். தங்கச்சி வீட்டில் எங்கள் அம்மா கொடுத்த பீங்கான் ஜாடி இருக்கிறது. உப்பைப் பிளாஸ்டிக் கவரில் வைக்கக் கூடாது தம்பி, வேர்த்துவிடும். உப்புத் தொழிலில் இருந்தவன் வீட்டில் கவரில் உப்பைப் பார்க்க மாட்டீர்கள். ஜாடியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, கவர்களை ஒவ்வொன்றாக வெட்டி அதில் கொட்டினேன். வெட்டின கவர்களைக் கசக்கி அடுப்பில் போட்டேன். ஜாடி நிறைந்த பிறகும் பெட்டியில் பிரிக்காத கவர்கள் மிச்சம் இருந்தன. கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன். சண்முகக்கனி, "அண்ணே, டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவமா?" என்றாள். டாக்டர் என்ன சொல்வார்? உப்பைக் குறை என்பார். இது குறைந்த உப்புதானே? கேட்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

அன்றைக்குப் புளிக்குழம்பு வைத்தாள். தாராளமாகப் போடு, இதில் கெடுதல் குறைவு என்று நான்தான் பக்கத்தில் நின்று சொன்னேன். மாப்பிள்ளை முதல் வாய் வைத்தார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா? "மச்சான், ரொம்ப நாளைக்கு அப்புறம் சோறு சோறா இருக்கு."

மச்சான், சோறு சோறாக இருக்கிறது. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் வாயிலிருந்து எனக்கு அப்படி ஒரு வார்த்தை வந்ததே கிடையாது. அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் ஒரு லாரி உப்பு தூக்கலாம் என்று இருந்தது எனக்கு.

அப்போதே வாட்ச்சையும் அவர் கையில் கட்டிவிட்டேன். கோமு அப்போது லீவுக்கு வந்திருந்தாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவள்தான் போனோடு சேர்த்துக் கொடுத்தாள். கொஞ்சம் கூடுதலாக நடந்தால் வாட்ச் கையில் விர்ரென்று அதிரும். ஒரு கோப்பைப் படம் வரும். பரிசாம். மாப்பிள்ளை தெரு முனை வரைக்கும் நடந்துவிட்டு வந்து, "பாருங்க மச்சான், கோப்பை வாங்கிட்டேன்" என்று காட்டுவார். சிரிப்பார். இப்படிச் சிரிக்கிற மனுஷனா இத்தனை காலம் என்னைக் கண்டு கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார் என்று நினைத்தேன்.

நான் அடிக்கடி போக ஆரம்பித்தேன். போகும்போதெல்லாம் ஜாடியைத் திறந்து பார்ப்பேன். குறைந்தால் நிரப்பி வைப்பேன்.

இங்கேதான் என்மேல் பழி போடுகிறார்கள். கவனமாகக் கேளுங்கள், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

ஒரு நாள் நான் போயிருந்தபோது மாப்பிள்ளை கட்டிலில் படுத்திருந்தார். கால் தன் கால் மாதிரியே இல்லை, மரக்கட்டையாக இருக்கிறது என்றார். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். பேச்சு மெதுவாக வந்தது. தங்கச்சி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். கோமு போனில், "அப்பாவை இப்பவே கூட்டிட்டுப் போம்மா" என்றாள். நான் வாட்ச்சைப் பார்த்தேன். நெஞ்சு மெதுவாக அடிக்கிறது என்று காட்டியது. ரொம்ப மெதுவாக.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏன் என்று கேளுங்கள். அதற்கு முந்தின வாரம்தான் அந்தப் பையன் செய்தியில் சொல்லியிருந்தான். விளையாட்டு வீரர்களுக்கு நெஞ்சு மெதுவாகத்தான் அடிக்குமாம். மெதுவாக அடித்தால் ஆயுசு கூடுதலாம். ஆமையைக் காட்டினான். ஆமைக்கு நெஞ்சு எவ்வளவு மெதுவாக அடிக்கிறது, எவ்வளவு காலம் வாழ்கிறது! "மாப்பிள்ளை, உங்களுக்கு இப்பப் பந்தய வீரன் நெஞ்சு. உள்ள இருக்கிற கெட்டது இறங்குது, அதான் கால் அசதி. ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசியைப் போட்டு அதைக் கெடுத்துருவான்" என்றேன்.

அப்போது வாட்ச் அதிர்ந்தது. விர்ரென்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். ஏதோ இங்கிலீஷில் எழுத்து வந்தது. மாப்பிள்ளை கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், அந்தக் கண்ணாடியை எடுங்க, என்னமோ போட்டிருக்கு" என்றார்.

"என்னத்துக்கு மாப்பிள்ளை? கோப்பைதான் குடுக்குதான். படுத்துக்கிட்டே கோப்பை வாங்கிட்டீங்க" என்றேன். அவரும் சிரித்தார். தங்கச்சிகூடச் சிரித்தாள். கண்ணாடியை யாரும் எடுக்கவில்லை.

நான் எடுக்கக் கூடாது என்று சொன்னேனா? சொல்லவில்லை. மேசையில்தான் இருந்தது. வேண்டுமென்றால் அவளே எடுத்துக் கொடுத்திருக்கலாம். கோமு திரும்பத் திரும்பப் போன் அடித்தாள். நான்தான் எடுத்து, மாமா பக்கத்தில் இருக்கும்போது உனக்கு என்ன பயம், காலையில் பார்க்கலாம் என்று தைரியம் சொல்லிவிட்டு ராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டேன்.

காலையில் குளியலறைக்குப் போனவர் விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடினோம். வாட்ச் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான்தான் தோளில் தூக்கினேன். உப்பு மூட்டை தூக்கின இந்தத் தோளில்தான் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் போட்டேன். அதையும் யாராவது சொல்கிறார்களா? சொல்ல மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி, மெஷின் என்று என்னென்னவோ செய்தார்கள். நெஞ்சு நிற்கப் போய்த் திரும்பி வந்ததாம். இளவயசு டாக்டர் ஒருத்தர் வெளியே வந்து, வீட்டில் என்ன சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். பொட்டாசியம் ஏறியிருக்கிறதாம். கோமு கோயம்புத்தூரிலிருந்து வந்ததும் நேரே வீட்டுக்குப் போய்த் தேடி, கட்டிலுக்கு அடியில் இருந்த கவரை எடுத்து வந்தாள். அதைக் காட்டியதும் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த உப்பில் பாதி பொட்டாசியம் என்றார்.

நான் சும்மா இருப்பேனா? "டாக்டர், பொட்டாஷ் தீக்குச்சி மருந்துக்குப் போடுறது. வயலுக்குப் போடுவாங்க. தீப்பெட்டி செய்ற கோவில்பட்டியில சின்னப் பிள்ளையைக் கேட்டாக்கூடச் சொல்லும். சோத்துக்கு எவன் பொட்டாஷ் போடுவான்? நான் உப்பிலயே வேலை பார்த்தவன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். படித்தவர்களிடம் பதில் இல்லாவிட்டால் இப்படித்தான், பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

கோமுதான் பேசினாள். கவரைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள். "மாமா, கிட்னிக் கோளாறு இருக்கிறவங்க இதைச் சாப்பிடக் கூடாதுன்னு இதிலயே போட்டிருக்கு."

எங்கே போட்டிருக்கிறது? எறும்புக் கால் மாதிரி எழுத்து. அதுவும் இங்கிலீஷ். முன்னால் எவ்வளவு பெரிய பச்சை இலை, எவ்வளவு பெரிய நெஞ்சுப் படம்! இதைப் பெரிதாகத் தமிழில் போட்டால் இவர்கள் என்ன குறைந்தா போவார்கள்? இதை நான் கேட்டேன். நியாயம்தானே தம்பி? நீங்களே சொல்லுங்கள். ஆனால் கோமு, "நீங்கதான கவரை எரிச்சீங்க? அப்பா கையில ஒரு கவரைக் குடுத்திருந்தா அவர் வாசிச்சிருப்பாரே" என்றாள்.

வாசித்திருப்பார். ஆமாம், வாசித்திருப்பார். மிக்ஸியை வாசித்த மாதிரி இதையும் வாசித்திருப்பார். எல்லாரும் சிரித்திருப்பார்கள்.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். ஆனால் கிட்னி கையை விட்டுவிட்டது. இப்போது வாரத்தில் சில நாள் போய் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். டயாலிசிஸ். அது எப்படியும் வரத்தான் செய்திருக்கும். ஏற்கெனவே பாதி போன கிட்னி என்று டாக்டரே சொன்னார், நான் காதால் கேட்டேன். மீதிப் பாதியைத்தான் எல்லாரும் என் கணக்கில் எழுதுகிறார்கள்.

சண்முகக்கனி என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது, ஒரு மஞ்சள் பையில் இந்த வாட்ச்சையும் மிச்ச உப்பையும் போட்டு, "அண்ணன் சாமான் அண்ணன்கிட்டயே இருக்கட்டும் மதினி" என்று கொடுத்தனுப்பிவிட்டாள். பிறகு என் நம்பரை அந்த வீட்டில் எல்லாரும் அடைத்துவிட்டார்கள். நான் அனுப்புகிற செய்தி எதுவும் போவதில்லை.

கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். பத்திரிகை என் வீட்டுக்காரி பெயருக்குத்தான் வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். தாய்மாமன் என்ற இடத்தில் சுடலைமுத்து என்று போட்டிருந்தது. அவன் யார்? என் சித்தப்பா மகன். கயத்தாறில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கூடப் பிறந்தவன் நான் உயிரோடு இருக்கும்போது சித்தப்பா மகன் தாய்மாமனாம். என் வீட்டுக்காரி போக வேண்டாம் என்றாள். போனால் அவமானம் என்றாள். அவமானம் போகிறவனுக்கா, கூப்பிடாதவனுக்கா?

போனேன். கோவில்பட்டி மார்க்கெட்டில் ரோஜா மாலை வாங்கிக்கொண்டு போனேன். மண்டபத்தில் யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சந்தனக் கிண்ணத்தை நீட்டின பெண்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நீட்டினாள். முன் வரிசையில் என் மாப்பிள்ளை, தங்கச்சி புருஷன், ஒரு சாய்வு நாற்காலியில் இருந்தார். வேட்டிக்குள் மனுஷன் இருக்கிறாரா என்று தேட வேண்டும். கையில் ஊசி போட்டுப் போட்டு நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது.

"தாய்மாமன் வாங்க, பொண்ணைக் கூட்டிட்டு வாங்க" என்று ஐயர் கூப்பிட்டார். சுடலைமுத்து எழுந்தான். நானும் எழுந்தேன். மாலையோடு இரண்டு பேர் மணமகள் அறை வாசலில் நிற்கிறோம். மேளம் நின்றுவிட்டது. கோவில்பட்டி பாதியும் அங்கேதான் இருந்தது. பாதி பேருக்குக் கதை தெரியும். மீதிப் பேருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எவனோ ஒருத்தன், "உப்பு மாமா வந்துட்டாருடோய்" என்றது என் காதில் விழுந்தது.

கோமு வெளியே வந்தாள். அப்படியே எங்கள் அம்மா ஜாடை. என்னைப் பார்த்தாள். நான் மாலையைத் தூக்கினேன். அவள் குனிந்திருந்தால் போதும். கழுத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் போதும்.

"எங்கப்பா இருந்து பாக்கிற கல்யாணம் மாமா இது. உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மேளம் நின்றிருந்ததே, எல்லாருக்கும் கேட்டது. சுடலைமுத்து மாலை போட்டான். அவள் குனிந்துகொண்டாள். அவன் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மேளம் மறுபடியும் தொடங்கியது. என் மாலையை மண்டப வாசலில் இருந்த பிள்ளையாருக்குப் போட்டேன். அவர் மட்டும் வாங்கிக்கொண்டார்.

சாப்பிடாமல் வந்திருக்கலாம். நினைத்தேன். ஆனால் சாப்பிடாமல் போனால் கோபித்துக்கொண்டு போனான் என்பார்கள். அந்தப் பேரும் எனக்கு எதற்கு? பந்தியில் உட்கார்ந்தேன். இலை போட்டு, ஓரத்தில் உப்பு வைத்தார்கள். அப்போது தங்கச்சி பந்தியை விசாரித்துக்கொண்டே வந்தாள். என் இலைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! பட்டுச்சேலை கட்டியிருந்தாள். முகம் மட்டும் கல்யாண வீட்டு முகமாக இல்லை. நான் கேட்காமல் விடவில்லை.

"கனி, உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க. மறந்துட்டியா?" என்றேன்.

அவள் இலையில் இருந்த உப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நினைக்காத நாள் இல்லண்ணே" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

பார்த்தீர்களா? ரத்தம் விட்டுப் போகுமா? ஊர் என்ன பேசினாலும், மகள் என்ன சொல்லிக் கொடுத்தாலும், கூடப் பிறந்தவள் மனசில் அண்ணன் இருக்கிறான். நினைக்காத நாள் இல்லையாம். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் சோறு எனக்கு இறங்கியது. பக்கத்து இலைக்காரர் ஏன் அப்படி என்னைப் பார்த்தார் என்றுதான் தெரியவில்லை.

அதனால்தான் பஸ்ஸில் ஏறினதும் போனைத் திறந்தேன். ஒரு நல்ல செய்தி வந்திருக்கிறது. அதே பையன். ஒரு கொடியின் வேரை இடித்துச் சாறு எடுத்து வெறும் வயிற்றில் குடித்தால், மெஷினே வேண்டாமாம். டயாலிசிஸில் இருந்தவர்கள் எழுந்து நடக்கிறார்களாம். படத்தோடு போட்டிருக்கிறான். புதிதாக ஒரு போட்டியும் இருக்கிறது. காலைத் தொட்டியில் வைத்தால் உடம்பில் இருக்கிற உப்பை எல்லாம் தண்ணீரில் இறக்கிவிடுகிற மெஷின். தண்ணீர் கறுப்பாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். "யாருக்காக இந்தப் பரிசு வேண்டும்?" என்று கேட்டிருந்தார்கள். "என் தங்கச்சி மாப்பிள்ளைக்கு" என்று எழுத்துக் கூட்டி எழுதிப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவையும் விழும். எனக்குத் தெரியும்.

மெஷின் வரும்போது வரட்டும். இந்த வேர் விஷயத்தை இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். நாளைக்கு மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். அதற்கு முன்னால் தெரிந்தால் போகாமல் இருக்கலாம் இல்லையா? உங்கள் போனைக் கொஞ்சம் கொடுங்களேன், தம்பி. என் நம்பரிலிருந்து போகாது. உங்கள் நம்பரிலிருந்து போனால், கல்யாணத்துக்கு வாழ்த்து வந்திருக்கிறது என்று சண்முகக்கனி திறந்து பார்ப்பாள். அண்ணன் அனுப்பச் சொன்னதாகப் போட வேண்டாம். பார்க்கட்டும், குணமாகட்டும், அப்புறம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சார்ஜ் இல்லையா? இப்போதுதானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? சரி, பரவாயில்லை. நம்பர் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அனுப்பிவிடுங்கள்.

என்ன தம்பி, பையை எடுக்கிறீர்கள்? இது குறுக்குச்சாலை ஊர்தான், தூத்துக்குடி இன்னும் வரவில்லை. தூத்துக்குடிக்குத்தானே டிக்கெட் எடுத்தீர்கள்? நான் பார்த்தேனே. இங்கே இறங்கினால் வெயிலில் நிற்க வேண்டும், அடுத்த பஸ் எப்போது வருமோ தெரியாது.

தம்பி, நம்பரையாவது கேட்டுக்கொண்டு இறங்குங்கள். ஓர் உயிர் விஷயம், தம்பி.